கார்த்திகை அன்று நான் அணைத்த தீ

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு திருக்கார்த்திகை அன்று நடந்தது இது. செம்பட்டியிலிருந்து சித்தையன்கோட்டை போகும் வழியில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்து கொஞ்ச வருடங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் மாமியார், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி. அந்த அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டது அக்கா என்றாலும் எங்களுக்குள் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. நான் வைத்த குழம்பில் அவள் உப்புப் பார்ப்பாள், அவள் பெருக்கிய வாசலில் நான் குப்பை பார்ப்பேன். ஒரே வீட்டில் வாழ வந்த இரண்டு பேர் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தோம்.

திண்டுக்கல் பக்கம் என்றாலே வெயில்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கார்த்திகையில் அடைமழை பிடித்து, சிறுமலைப் பக்கமிருந்து வாடையும் அடித்தால் எங்கள் ஊரில் கன்றுக்குட்டிக்குக்கூடச் சாக்குப் போர்த்த வேண்டும். அந்த வருடம் அப்படித்தான் இருந்தது. துவைத்த துணி காயவில்லை, விறகு பற்றவில்லை, எல்லோருக்கும் சளி.

ஆண்கள் இரண்டு பேரும் விடியும் முன்பே பூ மூட்டையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அக்காவின் சினை ஆடு ஒன்று முந்தின நாள் மேயப் போனது திரும்பவில்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டி வந்த ஆடு அது. காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மழை கொஞ்சம் வெறித்ததும் மாமியார், "ரெண்டு பேருமாப் போயி கரட்டுப் பக்கம் தேடிப் பாத்துட்டு வாங்கத்தா. வெளக்கு ஏத்துறதுக்குள்ள வந்து சேந்துருங்க" என்றார்.

கரடு என்பது எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் நிற்கும் பாறைக் குன்று. ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. கரட்டின் பாதி உயரத்தில் ஒரு பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கடியில் ஏழு கற்களை நட்டு கன்னிமார் என்று ஆடு மேய்ப்பவர்கள் கும்பிடுவார்கள். கார்த்திகைக்கு அங்கே தீபம் ஏற்றும் வழக்கம் கிடையாது. கரடு இருக்கும் அந்தக் கரையிலேயே வடக்கே கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மலை இருக்கிறது. அதன் உச்சியில் பக்கத்து ஊர்க்காரர்களுடைய கோயில். தீபம் அங்கேதான் ஏற்றுவார்கள்.

புறப்படும்போது அக்கா ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொண்டாள். உள்ளே ரெண்டு மண் விளக்கு, திரி, ஒரு பாட்டிலில் எண்ணெய், பாலிதீன் பையில் சுற்றிய தீப்பெட்டி. "கன்னிமாருக்கும் ஒரு வெளக்க வச்சுட்டு வந்துருவோம்" என்றாள். ஆடு தேடப் போகிறோமா, கோயிலுக்குப் போகிறோமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆளுக்கொரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தோம். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது.

ஆடு கன்னிமார் பாறைக்கடியில்தான் நின்றது, மழைக்கு ஒதுங்கி. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். பாசி படிந்த பாறை. கால் வழுக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த சந்தில் விழுந்தாள். காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தேன். கெண்டைக்காலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. ரத்தம் நிற்காமல் வந்தது. என் சேலை முந்தானையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். கக்கத்தில் கையைக் கொடுத்து, அவள் அலற அலற, பாறைக்கடியில் இழுத்துக் கொண்டு வந்து கிடத்தினேன். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் காரியம் நடக்காது என்று ஆளைக் கூட்டி வரக் கீழே ஓடினேன்.

ஓடைக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பே இரைச்சல் கேட்டது. மேற்கே மலையில் பெய்த மழை எல்லாம் சேர்ந்து இறங்கிவிட்டது. நாங்கள் நடந்து கடந்த இடத்தில் செந்தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஒரு முழு முருங்கை மரம் வேரோடு உருண்டு போனதைப் பார்த்தேன். அக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. வடக்கே பெரிய மலைக்குப் போகலாம் என்றால் இடையில் இருந்த வயல்களெல்லாம் தண்ணீருக்கடியில் கிடந்தன. எங்கே வரப்பு, எங்கே கிணறு என்றே தெரியவில்லை. இருட்ட வேறு ஆரம்பித்துவிட்டது. திரும்பி மேலே ஏறினேன்.

"ஓடை வந்துருச்சுக்கா."

அவள் கண்ணை மூடிக்கொண்டே, "வீட்ல தேட மாட்டாக. தோட்டத்து மோட்டார் ரூம்ல தங்கிட்டாளுகன்னு நெனச்சுக்கிருவாக" என்றாள்.

அது உண்மைதான். ஓடை வந்தால் தோட்டத்திலேயே தங்கிவிடுவது எங்களுக்கு வழக்கம். மாமியார் கவலைப்பட மாட்டார். காலையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் யாராவது வருவார்கள். காலை வரை அக்கா தாங்குவாளா என்பதுதான் கேள்வி. கட்டிய துணி நனைந்து மறுபடியும் ரத்தம் கசிந்தது. உடம்பு முழுக்க ஈரம். பல் கிட்டி நடுங்கினாள். இரண்டு சாக்கையும் அவள் மேல் போட்டு, ஆட்டைப் பிடித்து இழுத்து அவளை ஒட்டிப் படுக்க வைத்தேன். அந்தக் குளிரில் சூடாக இருந்தது ஆடு ஒன்றுதான்.

பாறையின் உட்பக்கம் மழை படாத மூலையில், ஆடு மேய்ப்பவர்கள் போட்டு வைத்திருந்த சுள்ளியும் பனைமட்டையும் கொஞ்சம் கிடந்தன. விளக்குக்குக் கொண்டு வந்த எண்ணெயில் பாதியை ஊற்றிப் பாறை விளிம்பில், ஊருக்கு நேராகத் தெரிகிற இடத்தில் தீ மூட்டினேன். தீக்குச்சிகள் நமுத்துப் போயிருந்தன. பல குச்சிகள் வீணான பிறகு ஒன்று பற்றியது. தீ என் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது.

கீழே ஊர் நன்றாகத் தெரிந்தது. மழையில் கரண்ட் போயிருந்ததால் வாசலுக்கு வாசல் அகல் விளக்குகள் மட்டும் வரிசையாக எரிந்தன. வடக்கே பெரிய மலையிலும் தீபம் ஏற்றியிருந்தார்கள். மேளச் சத்தம் காற்றோடு வந்து போனது. எப்படியும் இந்தத் தீயை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

பார்த்தார்கள். ஊரிலிருந்து குலவைச் சத்தம் வந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு பெண் ஆரம்பிக்க, தெருவே சேர்ந்து குலவையிட்டது. பெரிய மலையிலிருந்து "அரோகரா" என்று ஒரு முழக்கம். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. கரட்டில் யாரோ புதிதாகத் தீபம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து அத்தனை பேரும் கும்பிடுகிறார்கள்.

தொண்டை கிழியக் கத்தினேன். ஓடை இரைச்சலைத் தாண்டி என் ஒற்றைக் குரல் அக்கரைக்கு எட்டவில்லை. எரிகிற பனைமட்டை ஒன்றை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அதைப் பார்த்ததும் கீழே பையன்களுக்குக் குஷி கிளம்பிவிட்டது. கார்த்திகைக்கு எங்கள் பக்கம் கரித்தூளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, நெருப்பு வைத்து, கயிற்றில் சுற்றுவார்கள். பொறி பறக்கும். மாவலி என்று பெயர். நான் மட்டையைச் சுற்ற, அவர்கள் தெருவில் மாவலியைச் சுற்றினார்கள். நான் நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள். மறுபடி சுற்றினால் சந்தோஷமாகக் கத்திக்கொண்டே மறுபடி சுற்றினார்கள். அன்றைக்கு வந்த ஆத்திரம் வாழ்க்கையில் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. ஊரையே திட்டினேன். கன்னிமாரையும் விடவில்லை.

"ஏத்தா, வையாத. அவகளுக்கு என்ன தெரியும்" என்றாள் அக்கா. குரல் மிகவும் இறங்கியிருந்தது.

அப்போது ஒரு காற்று சுழற்றி அடித்தது. மேலே பாறையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாகத் தீயின் மேல் கொட்டியது. தீ புகைந்து சிறுத்து, கண்ணுக்குத் தெரியாமல் போனது. நான் பதறிப்போய் மண்டிபோட்டு ஊதினேன். ஊதிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. குலவை நின்றிருந்தது. பையன்கள் கத்தவில்லை. பெரிய மலையில் மேளம்கூட நின்றுவிட்டது.

தீ மறுபடி பற்றியதும் மெதுவாகச் சத்தம் ஆரம்பித்தது. ஆனால் முன்னைப்போல் இல்லை.

அக்காவும் அதைக் கேட்டிருக்கிறாள். தலையை மட்டும் தூக்கி, "அமத்து" என்றாள்.

"என்னக்கா?"

"தீய அமத்துத்தா. அமத்திட்டு மறுபடி பொருத்து. மறுபடியும் அமத்து. காத்துல அமந்துச்சுன்னு நெனைக்கக் கூடாது. ஆரோ வேணும்னே அமத்துறாகன்னு தெரியணும்."

இதைப் படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் மற்ற நாளிலேயே விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். திருக்கார்த்திகை அன்று ஏற்றின தீயைச் சுமங்கலி ஒருத்தி தன் கையால் அணைப்பதா? என் கணவர் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாரோ, ஓடையைக் கடக்கப் பார்ப்பாரோ என்று என்னென்னவோ தோன்றியது. அது ஒரு பயம். இன்னொரு பயமும் இருந்தது. தீப்பெட்டியில் மிச்சம் இருந்த குச்சிகள் எல்லாம் ஈரம். அணைத்த தீ திரும்பப் பற்றாவிட்டால் அக்காவைச் சூடாக வைத்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

"நீ செய்யி. பாவம் வந்தா என் தலையில வரட்டும்" என்றாள் அக்கா.

அவள் மேல் கிடந்த சாக்கில் ஒன்றை எடுத்துப் பாறையில் வழிந்த தண்ணீரில் நனைத்தேன். மனசுக்குள் எல்லாத் தெய்வத்திடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தீயின் மேல் போட்டு மூடினேன். கும்மிருட்டாகிவிட்டது. கொஞ்சம் பொறுத்துச் சாக்கைத் தூக்கினேன். அடியில் கங்கு இருந்தது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சுள்ளி போட்டு ஊதினேன். எரிந்தது. மறுபடி மூடினேன். மறுபடி திறந்து ஊதினேன். ஊரில் யார் யாரோ கூச்சல் போடுவது கேட்டது. கும்பிடுகிறவர்கள் போடுகிற கூச்சலாக அது இல்லை. அந்தத் தெம்பில் இன்னொரு தடவை மூடினேன்.

அந்தத் தடவை சாக்கைத் தூக்கினால் புகை மட்டும்தான் வந்தது. ஊதி ஊதித் தலை கிறுகிறுத்தது. தீப்பெட்டியில் இருந்த குச்சிகள் ஒவ்வொன்றாக மருந்து உதிர்ந்து போயின. எண்ணெயும் தீர்ந்துவிட்டது.

அவளை என் கையால் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தவழ்ந்து போய் அவளுக்கு இந்தப் பக்கம் நான் படுத்துக்கொண்டேன், அந்தப் பக்கம் ஆடு. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவளை நான் தொட்டதே அன்றைக்குத்தான். "தூங்காதக்கா, பேசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "என்னத்தப் பேச" என்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது. மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரட்டுக்கு வடக்குப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றல்ல, நாலைந்து வெளிச்சம். கூடவே வசவு. அச்சில் ஏற்ற முடியாத வசவு.

"எவன்டா அவென்? தீபத்தோடயா வெளையாடுறீக? ஏலே, அந்தக் கைய ஒடிக்காமப் போறதில்ல இன்னைக்கி!"

பெரிய மலையில் தீபம் ஏற்றிய பக்கத்து ஊர் ஆட்கள் அவர்கள். தங்கள் தீபத்துக்கு எதிரே எவனோ போட்டித் தீபம் ஏற்றி, கேலி செய்வதுபோல் அணைத்து அணைத்துக் காட்டுகிறான், இது ஊருக்கே ஆகாது என்று வெறி பிடித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து நிலம் எல்லாம் அவர்களுடையது என்பதால் தண்ணீருக்குள்ளும் வரப்புத் தெரிந்து, இடுப்பளவு நீரில் நடந்து வந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மூங்கில் கம்பு கையில். ஒருவருக்கும் சட்டை இல்லை. விரதக்காரர்கள், உடம்பெல்லாம் விபூதி.

முன்னால் வந்தவர் கம்பை ஓங்கிக்கொண்டே ஏறினார். நான் எழுந்து நின்று, "அய்யா, அடிக்காதீக, நாங்க பொம்பளைக" என்று கத்தினேன். டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. பிறகு கீழே இறங்கி அக்கா காலில் நின்றது. அந்தக் கம்பு கீழே விழுந்து பாறையில் உருண்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆத்தாடி" என்றார் அவர்.

எங்களை அடிக்கக் கொண்டு வந்த கம்புகளில் இரண்டை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த வேட்டிகளை அவிழ்த்துக் குறுக்கே முடிந்து தூளியாக்கினார்கள். வெறும் கால்சட்டையோடு அந்த வாடையில் நின்றார்கள். துண்டையெல்லாம் அக்கா மேல் போர்த்தினார்கள். தூளியைத் தோளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே தண்ணீருக்குள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒருவர் தோளில் ஆடு.

பாதி வழியில் அவர் கேட்டார். "ஏத்தா, மொதல்லயே அமத்திருக்கக் கூடாதா? நீ தீ பொருத்துனப்பவே நாங்க பாத்தோம்த்தா. அம்புட்டுப் பேரும் கும்பிட்டோம்."

"கார்த்திகையில எப்படிங்கய்யா அமத்துவேன்?" என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "அதுஞ் சரிதான்" என்றார்.

அவர்கள் ஊரிலிருந்து டிராக்டரில் ஏற்றிச் செம்பட்டிக்கும், அங்கிருந்து ஒரு வேன் பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனோம். அக்கா பிழைத்தாள். கால் முறிந்ததைவிடக் குளிரும் ரத்தமும்தான் ஆபத்தாக இருந்தது, விடிகிற வரை தாங்கியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். இன்றைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். என் குழம்பில் இன்றைக்கும் உப்புப் பார்க்கிறாள். என் கையைப் பிடித்துக் கூட்டி வந்த அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எங்களைச் சேர்த்துவிட்டு, நனைந்த வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, தீபத்துக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் என் கணவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொன்னார்: "நான் அப்பத்தான் மார்க்கெட்லருந்து வந்து மாடில நின்னேன். கரட்டுல தீபம் தெரிஞ்சுச்சு. ஓடைக்கு அங்கிட்டு இருக்கிற ரெண்டு பேரும் நல்லபடியா இருக்கணும்னு அதப் பாத்துத்தான் கும்பிட்டேன்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதல் குலவையை ஆரம்பித்தது மாமியார் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் எந்தக் கார்த்திகைக்கும் குலவையிடவில்லை.

அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கீழே நின்றிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் வாசலில் விளக்கு வைத்துவிட்டு, தாங்கித் தாங்கி வந்து என் பக்கத்தில் நிற்கும் அக்காவோடு சேர்ந்து மலைத் தீயைப் பார்க்கிறேன். கையைக் கூப்புவதற்கு முன்னால், இதுவரை நான் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குள் போன எத்தனை தீக்குப் பக்கத்தில் எத்தனை பேர் நின்று என்னைக் கூப்பிட்டார்களோ என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்கிறேன்.